படையிலிருந்து போலீஸுக்கு: முன்னாள் படைவீரர்களுக்கான வயது வரம்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படையிலிருந்து வெளியே வருபவர் போலீஸ் வேலையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால், முதல் கேள்வியே 'என் வயதுக்கு எடுப்பார்களா?' என்பதாகத்தான் இருக்கிறது. அறிவிப்பில் 26 என்றோ 35 என்றோ ஓர் எண்ணைப் பார்த்ததும் பாதிப் பேர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு மூன்று வரிகள் அவர்களுக்காகவே எழுதப்பட்டவை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஒரே நாட்டில் படைக்குப் படையும் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறைகள் நான்கைந்துதான். அவற்றைப் புரிந்துகொண்டால் எந்த ஊர் அறிவிப்பையும் படித்துவிடலாம். இப்படி விசாரிப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

படையில் இருந்த ஆண்டுகளை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்கிறார்களே, உண்மையா?

பல இடங்களில் உண்மை. ஆனால் எவ்வளவு கழிக்கலாம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். பேசிக்கொண்டே போவதைவிட அது தெளிவாக இருக்கும்.

ஒருவர் 12.08.1987 அன்று பிறந்தவர். 03.01.2006 அன்று படையில் சேர்ந்தார். 31.01.2023 அன்று விடுவிக்கப்பட்டார். பணிக்காலம் 17 ஆண்டு 29 நாள். அறிவிப்பில் வயதைக் கணக்கிடும் தேதி 01.07.2025 என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அவர் வயது 37 ஆண்டு, 10 மாதம், 19 நாள்.

முதல் முறை, முழுப் பணிக்காலத்தையும் கழிப்பது. இந்திய மத்திய அரசுப் பணிகளுக்கு 1979ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்பு விதிகள் இதைத்தான் சொல்கின்றன. குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து படையில் இருந்தவர் அந்தக் காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கழித்து வரும் வயது, பதவிக்குரிய உச்ச வரம்பை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டக் கூடாது. நம் ஆளுக்குக் கழித்தால் 20 ஆண்டு, 9 மாதம், 20 நாள். வரம்பு 25 என்றால், அவருக்கு அது 28 ஆகிவிடுகிறது. தாராளமாக உள்ளே வருகிறார். நாற்பதை நெருங்குகிறவர் காகிதத்தில் இருபது வயது இளைஞராகிவிடுவது வேடிக்கைதான். சட்டம் அப்படித்தான் பார்க்கிறது.

இரண்டாவது முறை, கழிக்கலாம், ஆனால் உச்சம் உண்டு. நியூயார்க் நகரப் போலீஸில் பல ஆண்டுகளாக இருந்து வந்த ஏற்பாடு இது: வரம்பு 35, படைப் பணிக்காக அதிகபட்சம் ஆறு ஆண்டு கழிக்கலாம். நம் ஆளின் 17 ஆண்டில் ஆறுதான் செல்லும். 37 ஆண்டு 10 மாதம், ஆறைக் கழித்தால் 31 ஆண்டு 10 மாதம். இங்கேயும் உள்ளே வந்துவிடுகிறார். இதே ஆள் 42 வயதில் வந்திருந்தால், 17 ஆண்டுப் பணி இருந்தும் 36 ஆகி, ஒரு வயதில் தவறியிருப்பார்.

மூன்றாவது முறையில் கழித்தலே இல்லை. முன்னாள் படைவீரருக்கென்று தனி உச்ச வயதை எழுதிவிடுவார்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் அறிவிப்பு இதற்கு உதாரணம். பொதுப் பிரிவினருக்கு 26, முன்னாள் படைவீரருக்கு 47. எத்தனை ஆண்டு பணி என்ற கணக்கு வயதுக்குத் தேவைப்படுவதில்லை.

நான்காவது, விதிவிலக்கு. வரம்பு வரம்புதான், ஆனால் தகுதியுள்ள முன்னாள் வீரருக்கு அதைத் தளர்த்தலாம் என்று சட்டம் சொல்லும். அமெரிக்க மத்திய அரசின் புலனாய்வு, காவல் பணிகளில் இந்த முறை இருக்கிறது. கீழே தனியாக எழுதுகிறேன்.

ஐந்தாவது, வரம்பே இல்லாத நாடுகள்.

உங்கள் அறிவிப்பு இந்த ஐந்தில் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். நண்பர் ஒருவர் 'எனக்கு முழுசாகக் கழித்தார்கள்' என்று சொன்னால், அவர் விண்ணப்பித்தது வேறு படையாக இருக்கலாம்.

எந்த நாளில் வயதைக் கணக்கிடுவார்கள்?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். அறிவிப்பில் நான்கு விதமான நாட்கள் வரலாம்: ஆண்டின் ஒரு நிலையான தேதி, விண்ணப்பம் திறக்கும் நாள், விண்ணப்பம் முடியும் நாள், பணி நியமன நாள். முதல் மூன்றில் தேர்வு எவ்வளவு இழுத்தாலும் உங்களுக்குக் கவலையில்லை. நான்காவது வந்தால் ஜாக்கிரதை.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சிறப்பு முகவர் பணிக்கு, 37ஆவது பிறந்தநாளுக்கு முன்பே நியமனம் ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பித்தது 36 வயதில் என்பது மட்டும் போதாது. பின்னணி விசாரணை, மருத்துவப் பரிசோதனை, நேர்முகம் என்று மாதக்கணக்கில் நீளும் தேர்வில் பிறந்தநாள் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நியமன நாளை வைத்துக் கணக்கிடும் பணிக்குக் குறைந்தது ஒன்றரை ஆண்டு கையிருப்பு இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள் என்பது என் கருத்து.

வயது வரம்பு எதற்கு? ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தால் போதாதா?

உடல் வலு ஒரு காரணம்தான். நிர்வாகத்தைத் துளைத்துக் கேட்டால் வெளியே வருவது ஓய்வூதியக் கணக்கு.

அமெரிக்க மத்திய அரசை எடுத்துக்கொள்ளுங்கள். காவல் பணியாளர்கள் 57 வயதில் கட்டாயமாக ஓய்வு பெற வேண்டும். சிறப்பு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டுப் பணி வேண்டும். 57இலிருந்து 20ஐக் கழித்தால் 37. அந்தப் புகழ்பெற்ற 37 வந்த வழி இதுதான். 37 வயது மனிதனால் ஓட முடியாது என்று யாரும் நிரூபித்து வந்த எண் அல்ல.

இதற்குப் பின்னால் நீண்ட வழக்கு வரலாறும் உண்டு. 1967இல் அமெரிக்கா வேலைவாய்ப்பில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது; தொடக்கத்தில் 40 முதல் 65 வயது வரை, இன்றைக்கு 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு. 1976இல் மாசசூசெட்ஸ் மாநிலப் போலீஸார் 50 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்ற விதி அரசியல் சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1983இல் வயோமிங் மாநிலத்தில் 55 வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட வனவிலங்குக் காவலர் ஒருவரின் விவகாரம் வந்தபோது, வயதுப் பாகுபாட்டுச் சட்டம் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. மாநிலங்கள் பதறின. 1986இல் நாடாளுமன்றம் போலீஸுக்கும் தீயணைப்புத் துறைக்கும் விலக்கு கொடுத்தது. 1993 முடிவில் அது காலாவதியானது. 1996இல் திரும்ப வந்து நிலைத்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கு அங்கே ஒரு நகரத்தில் 35, இன்னொன்றில் 45, மற்றொன்றில் வரம்பே இல்லை என்று கதம்பமாக இருக்கிறது. டெக்சாஸில் குடிமைப் பணிச் சட்டத்தின் கீழ் வரும் நகரங்களில் 45 வயதை எட்டியவர் புதிய காவலராகச் சேர முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீஸில் உச்ச வயது கிடையாது.

அமெரிக்க மத்திய அமைப்புகளில் 37ஐக் கடந்த முன்னாள் வீரர் சேர முடியுமா?

முடியும்; அதற்கு ஒரு வழக்கு காரணம். வெளியுறவுத் துறையின் தூதரகப் பாதுகாப்பு முகவர் பணிக்கு வரம்பைக் கடந்த முன்னாள் வீரர் ஒருவர் விண்ணப்பித்தார். வயதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை. முன்னுரிமைத் தகுதி பெற்ற முன்னாள் வீரருக்கு வயது, உயரம், எடை ஆகிய நிபந்தனைகளை, அந்த வேலையைச் செய்ய அவை இன்றியமையாதவையாக இருந்தாலொழிய, தளர்த்த வேண்டும் என்று பழைய சட்டப் பிரிவு ஒன்று இருந்தது. அதைக் காட்டி வாதாடினார். 2008இல் மத்திய அரசு ஊழியர்களின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் வாரியம் அவர் பக்கம் நின்றது. அந்த வேலைக்கு 37 வயதுக்கு உட்பட்டிருப்பது இன்றியமையாதது என்று துறையால் காட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு எஃப்.பி.ஐ. உட்படப் பல அமைப்புகள் தங்கள் அறிவிப்பிலேயே முன்னாள் வீரர்களுக்கான வயது விலக்கைக் குறிப்பிடுகின்றன. விலக்குப் பெற்று 40 வயதில் சேர்ந்தவர் 57இல் வெளியேற வேண்டியதில்லை. 20 ஆண்டு முடியும்வரை இருக்கலாம் என்று ஓய்வுச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. அறுபதைத் தொடும் வரை களப்பணி. அதற்கு மனம் ஒப்புகிறதா என்பதை வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள்.

ஒரு முள்ளும் இருக்கிறது. 'முன்னாள் வீரர்' என்பதும் 'முன்னுரிமைத் தகுதி பெற்ற முன்னாள் வீரர்' என்பதும் ஒன்றல்ல. மேஜர் அல்லது அதற்கு இணையான பதவியிலும் அதற்கு மேலும் இருந்து ஓய்வூதியத்துடன் வந்தவருக்கு, பணியால் உடல் ஊனம் ஏற்பட்டிருந்தாலொழிய, இந்த முன்னுரிமை கிடையாது. பயிற்சிக்காக மட்டும் அழைக்கப்பட்ட நாட்களும் பொதுவாகக் கணக்கில் வருவதில்லை. வார இறுதிப் பயிற்சிகளை எல்லாம் கூட்டி ஆண்டுக் கணக்கு காட்டிய விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டல் செல்லாது.

இந்தியாவில் சீருடை அணிந்த எல்லாருமே 'முன்னாள் படைவீரர்' தானே?

இல்லை. எப்படி வெளியே வந்தீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. ஓய்வூதியத்துடன் வந்தவர், மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டவர், ஆட்குறைப்பில் விடுவிக்கப்பட்டவர், ஒப்பந்தக் காலத்தை முடித்துப் பணிக்கொடையுடன் வந்தவர் ஆகியோர் வரையறைக்குள் வருகிறார்கள். ஓய்வூதியத் தகுதி வருவதற்கு முன் சொந்த விருப்பத்தில் விலகியவரும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவரும் வரமாட்டார்கள். பிராந்திய ராணுவத்தினருக்கு இன்னும் குறுகலான வாசல்: தொடர்ச்சியான பணிக்கு ஓய்வூதியம் பெறுபவர், பணியால் ஊனமுற்றவர், வீர விருது பெற்றவர் மட்டும்.

உங்கள் விடுவிப்புப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சேர்ந்த நாள், விடுவித்த நாள் இரண்டையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்களே அதிகம். அவற்றோடு 'விடுவிப்புக்கான காரணம்' என்று ஒரு வரி இருக்கும். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் எழுத்தரின் விரல் முதலில் போய் நிற்பது அந்த வரியில்தான். 'சொந்த வேண்டுகோளின் பேரில்' என்று இருந்து, ஓய்வூதிய ஆணையும் இல்லையென்றால், தேர்வில் எடுத்த மதிப்பெண் எதுவும் உதவாது. பெயரின் எழுத்து, பிறந்த தேதி ஆகியவை பள்ளிச் சான்றிதழுடன் ஒத்துப்போகின்றனவா என்றும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஒரு நாள் வித்தியாசம் இருந்தாலும் திருத்தம் வாங்க ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.

அக்னிவீரர்களுக்கும் இதே தளர்வுதானா?

இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணி. 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். வெளியே வருபவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது என்று சேர்க்கை நிபந்தனையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே 1979 விதிகளின் கழித்தல் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்குத் தனி ஏற்பாடு: மத்திய ஆயுதக் காவல் படைகளில் உச்ச வயதில் மூன்று ஆண்டுத் தளர்வு, முதல் அணிக்கு ஐந்து ஆண்டு என்று 2022இல் அறிவித்தார்கள், அப்போது 10 சதவீத இட ஒதுக்கீடும் சொல்லப்பட்டது. மாநிலப் போலீஸ் படைகள் தனித்தனியாக அறிவிப்புகள் செய்கின்றன. விண்ணப்பப் படிவத்தில் 'முன்னாள் படைவீரர்' கட்டத்தில் குறியிட்டுவிட்டு, பின்னால் சான்றிதழ் காட்ட முடியாமல் நிற்பதைவிட, முன்னாள் அக்னிவீரர் என்று தனிக் கட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சேர்ந்த வயது பதினேழரை முதல் 21 என்பதால் (2022இல் மட்டும் 23), அவர்கள் வெளியே வரும்போது இருபதுகளின் தொடக்கத்திலோ நடுவிலோ இருப்பார்கள். மூன்று ஆண்டு பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் ஆட்சேர்ப்பு அறிவிப்புகள் ஆண்டுதோறும் ஒழுங்காக வந்தால்தான் அந்தப் 'போதும்' என்ற சொல்லுக்குப் பொருள்.

படையில் அதிகாரியாக இருந்தேன். நேரடியாக ஐ.பி.எஸ். ஆக முடியுமா?

குடிமைப் பணித் தேர்வு எழுதித்தான். பொது உச்ச வயது 32. குறைந்தது ஐந்து ஆண்டு பணி முடித்து, ஒப்பந்தம் நிறைவடைந்து வரும் அவசரகால, குறுகிய காலப் பணி அதிகாரிகளுக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. மற்றவர்களோடு ஒரே வினாத்தாள், ஒரே தரவரிசை.

கூடுதல் மதிப்பெண் தருகிறார்களே, அதுவும் வயதுத் தளர்வும் ஒன்றா?

வேறு வேறு. அமெரிக்க மத்திய அரசுத் தேர்வுகளில் முன்னாள் வீரருக்கு 5 புள்ளி, ஊனமுற்ற முன்னாள் வீரருக்கு 10 புள்ளி சேர்க்கும் பழைய முறை உண்டு. அது பட்டியலில் உங்களை மேலே தூக்கும். பட்டியலுக்குள் நுழைவதற்கான வயதை அது மாற்றாது. இட ஒதுக்கீடும் அப்படியே. மூன்றுக்கும் மூன்று சான்று கேட்கக்கூடும்.

வயது வரம்பே இல்லாத நாடுகள் எவை?

பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் போலீஸ் படைகள் பொதுவாக உச்ச வயது வைப்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயது நிரம்பியிருந்தால் போதும், மேலே வரம்பில்லை. ஆனால் வழக்கமான ஓய்வு வயது 60 என்பதையும், புதிதாகச் சேர்பவர் தகுதிகாண் பருவத்தை முடிக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளச் சொல்கிறார்கள். கனடாவின் மத்தியக் குதிரைப் போலீஸிலும் வரம்பில்லை. குதிரை இப்போது அணிவகுப்பில் மட்டும்தான், பயப்பட வேண்டாம்.

இந்த நாடுகளில் முன்னாள் வீரர் கழித்தல் கணக்கைப் பற்றிக் கேட்டால், எதிரே இருப்பவருக்குக் கேள்வியே புரியாது. அங்கே கேட்க வேண்டியது குடியுரிமை, வசிப்பு நிபந்தனை, உடற்தகுதி.

ஐரோப்பாவில் வயது வரம்பை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதாகப் படித்தேன்.

பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணை வயதுப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் வேலையின் தன்மை கோரினால் விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்கு எவ்வளவு நீளும் என்பதை ஒன்றிய நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு அளந்துகொண்டிருக்கிறது.

ஸ்பெயினின் ஓவியேதோ நகரப் போலீஸ் 30 வயதுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்றது. 2014இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது, குடிமக்களுக்கு உதவுவது, அவ்வப்போது கைது செய்வது என்ற உள்ளூர்ப் போலீஸ் வேலைக்கு 30 என்பது அதிகப்படி. தகுதித் தேர்வே போதும் என்றது. இரண்டு ஆண்டு கழித்து, அதே ஸ்பெயினில், பாஸ்க் மாகாணப் போலீஸின் 35 வயது வரம்பு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. இந்த முறை செல்லும் என்றது. பாஸ்க் அதிகாரிகள் புள்ளிவிவரத்தோடு வந்திருந்தார்கள்: படை மூப்படைந்துகொண்டிருக்கிறது, களத்தில் பலத்தைப் பயன்படுத்தும் வேலை, சேருபவர் போதிய ஆண்டுகள் அந்த வேலையில் நிற்க வேண்டும். 2010இல் பிராங்பர்ட் தீயணைப்புத் துறையின் 30 வயது வரம்பு தப்பியதும் இதே மாதிரியான வாதத்தில்தான்.

ஆக, எண்ணைவிட அந்த எண்ணுக்குச் சொல்லும் காரணம் வலுவானதா என்பதே அங்கே பேசப்படுகிறது. முன்னாள் படைவீரருக்கு இது ஒரு வழியில் சாதகம், இன்னொரு வழியில் பாதகம். உடல் வலுவைத் தேர்வில் காட்டிவிடலாம். ஆனால் 'இன்னும் எத்தனை ஆண்டு நிற்பாய்?' என்ற கேள்விக்குப் பழைய பதக்கங்கள் பதில் சொல்லாது.

உடற்தகுதித் தேர்வில் வயதுக்குச் சலுகை உண்டா?

இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவான சோதனை, 15 மீட்டர் இடைவெளியில் ஒலிக்கு ஒலி ஓடித் திரும்புவது. 5.4 என்ற நிலையை எட்ட வேண்டும். மொத்தம் 525 மீட்டர், மூன்று நிமிடம் 35 விநாடி. எந்த வயதுக்கும் அதே அளவு. எஃப்.பி.ஐ. தேர்விலும் வயதுப்படி மதிப்பெண் மாறுவதில்லை. அமெரிக்க நகரப் போலீஸ் படைகள் சிலவற்றில் வயதுக்கு ஏற்ற அட்டவணை இருக்கிறது.

முன்னாள் வீரர்கள் பலர் தூரத்தைப் பார்த்து அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். '525 மீட்டரா? நாங்கள் மூட்டையோடு பத்து கிலோமீட்டர் போனவர்கள்.' உண்மைதான், அது எத்தனை ஆண்டுக்கு முன்னால்? அந்த ஓட்டத்தில் நுரையீரலுக்கு வருவதைவிடப் பெரிய சோதனை முழங்காலுக்கு வருகிறது. ஒவ்வொரு 15 மீட்டருக்கும் நின்று, திரும்பி, மறுபடி உந்த வேண்டும். முப்பத்தைந்து முறை. பாரம் சுமந்த கால்களுக்கு நேர்கோட்டில் ஓடுவது பழக்கம்; திரும்பும் இடத்தில்தான் சுளீர் என்று பிடிக்கும். நான்கு மாதம் முன்பாகவே, இரண்டு செருப்பைத் தரையில் போட்டு இடைவெளி குறித்து, திரும்பிப் பழகுங்கள்.

காது மந்தம், பழைய காயம் இருந்தால்?

துப்பாக்கிச் சத்தத்தில் பழகிய காதுகள் மருத்துவப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வது சகஜம். வயதுத் தளர்வு கிடைத்தாலும் மருத்துவத் தரம் பெரும்பாலும் தளராது. அமெரிக்காவில் நிபந்தனையுடன் கூடிய வேலை உத்தரவு தந்த பிறகுதான் மருத்துவப் பரிசோதனை நடத்தலாம். ஊனத்துக்கான உதவித்தொகை பெறுகிறீர்கள் என்பது மட்டும் உங்களை நிராகரிக்கக் காரணமாகாது. அந்த வேலையைச் செய்ய முடிகிறதா என்பதே அளவுகோல். எதையும் மறைக்காதீர்கள். படை மருத்துவக் கோப்பு அவர்கள் கைக்கு வரும். காயத்தைவிடப் பொய்தான் அதிகம் பேரை வெளியே தள்ளுகிறது.

ராணுவ போலீஸில் இருந்தேன். பயிற்சி இல்லாமல் சேரலாமா? பழைய பதவி தொடருமா?

பயிற்சியில் சில இடங்களில் சில பகுதிகளுக்கு விலக்கு கிடைக்கலாம். முழுவதும் தப்பிப்பது அரிது. முகாமுக்குள் ஒழுங்கு காப்பதும், வழக்குப் பதிவுசெய்து நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் நிற்பதும் வேறு வேறு வேலைகள்.

பதவி தொடராது. ஹவில்தாராக நாற்பது பேரை நடத்தியவர் கடைநிலைக் காவலராகத்தான் தொடங்குவார். தன் மகன் வயதுள்ள துணை ஆய்வாளருக்கு வணக்கம் வைக்க வேண்டியிருக்கும். வயது வரம்பைப் பற்றி நூறு பேர் கேட்கிறார்கள். இதைப் பற்றிக் கேட்பவர் ஒருவரோ இருவரோ. சேர்ந்த பிறகு வேலையை விட்டவர்களிடம் பேசினால் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏற்கெனவே ஒரு சிவில் அரசு வேலையில் சேர்ந்துவிட்டேன். இப்போது போலீஸுக்கு முன்னாள் படைவீரராக விண்ணப்பிக்கலாமா?

இந்திய மத்திய அரசு விதிப்படி, ஒரு சிவில் அரசுப் பணியில் சேர்ந்ததும் முன்னாள் படைவீரர் இட ஒதுக்கீட்டுப் பயன் முடிந்துவிடும். ஆனால் அந்த வேலையில் சேரும் முன்பே வேறு பல பதவிகளுக்கு விண்ணப்பித்திருந்து, சேர்ந்த உடனே அவற்றின் பட்டியலைத் தேதியோடு எழுதி நிர்வாகத்திடம் கொடுத்திருந்தால், அந்த விண்ணப்பங்களுக்குப் பயன் தொடரும். 2014இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். ஒரு பக்கக் காகிதம். சேர்ந்த சந்தோஷத்தில் மறந்துபோகும் காகிதமும் இதுதான். கொடுத்ததற்கு ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் படையில்தான் இருக்கிறேன். இப்போதே விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலும் ஆம். இந்தியாவில், விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் ஒப்பந்தக் காலம் முடியப்போகிறவர், கட்டளை அதிகாரியின் சான்றோடும் தன் உறுதிமொழியோடும் முன்னாள் படைவீரராகவே விண்ணப்பிக்கலாம். பணியில் இருப்பவரின் படைக்காலம் விடுவிக்கும் நாள்வரை ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், சான்றில் எதிர்பார்க்கும் விடுவிப்புத் தேதி தெளிவாக இருக்க வேண்டும். 'விரைவில்' என்று எழுதிய சான்றைத் திருப்பி அனுப்புவார்கள். அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, 120 நாட்களுக்குள் கௌரவமாக விடுவிக்கப்படுவார் என்ற சான்றைக் கொடுத்தால், கையில் விடுவிப்புப் படிவம் வருவதற்கு முன்பே அவரை முன்னுரிமைத் தகுதியுள்ளவராக நடத்த வேண்டும். சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் போய்விட்டால் அந்த 120 நாளும் கரைந்துவிடும். ஆகவே மனுவை முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கொடுத்து, யாரிடம் கொடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.